முதலில் பத்திரம், அப்புறம் பங்கு: சந்தைக் குறியீடுகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

இரவுச் செய்தியில் "சென்செக்ஸ் 800 புள்ளிகள் சரிவு" என்று சிவப்புப் பட்டையில் ஓடினால் எங்கள் வீட்டில் ரிமோட் ஒரு நொடி நிற்கும். பங்கில் பணம் போட்டிருக்கிற எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதே நாளில் பத்து ஆண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டு, அதாவது இன்றைய விலைக்கு வாங்கினால் ஆண்டுக்குக் கிடைக்கும் வருமானச் சதவீதம், எங்கே நின்றது என்று எந்தச் செய்தியிலும் ஓடி நான் பார்த்ததில்லை. அது தெரியாமல் பங்குச் சந்தையைப் பார்ப்பது, தங்கம் கிராம் என்ன விலை என்று கேட்காமல் நகையின் டிசைனை மட்டும் பார்ப்பது மாதிரி.

இதை நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்துத்தான். 2021 தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாயை, அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டான கில்ட் ஃபண்டில் போட்டேன். போடச் சொன்ன வங்கி அதிகாரி, "கவர்மென்ட் பத்திரம் சார், ரிஸ்க்கே கிடையாது" என்றார். 2022 ஜூனில் எடுத்துப் பார்த்தால் 98 ஆயிரத்துச் சில்லறை. "ஏங்க, கவர்மென்ட்டே நஷ்டம் காட்டுதா?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில்தான் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து நிமிடம், அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியில் என்னென்ன எழுதுகிறேன், ஏன் எழுதுகிறேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. எதை வாங்கு, எதை விற்று விடு என்று இதில் இருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எண்கள் எவையும் நாளை என்ன நடக்கும் என்று சொல்லாது. இன்றைக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம், மற்றவர்கள் எவ்வளவு பயத்தில் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். ஜோசியமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

முதல் படி: புள்ளியைச் சதவீதமாக மாற்றுங்கள்

சென்செக்ஸ் 80,000-ல் இருக்கும்போது 800 புள்ளி என்றால் வெறும் 1%. ஒரு லட்சம் வைத்திருப்பவருக்கு ஆயிரம் ரூபாய். 8,000-ல் இருந்த காலத்தில் அதே 800 புள்ளி 10%. செய்தியில் புள்ளி வந்தால் உடனே வகுத்துவிடுங்கள்.

சென்செக்ஸ் 30 பங்குகளின் குறியீடு. 1978-79-ஐ 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நிஃப்டி 50 பங்குகள். 1995 நவம்பர் 3-ஐ 1,000 என்று வைத்தது. இரண்டிலும் எல்லாப் பங்குக்கும் ஒரே எடை கிடையாது. சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மொத்த மதிப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு எடை. நிஃப்டியில் வங்கி, நிதி நிறுவனங்களின் எடை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதனால் "சந்தை ஏறியது" என்பதற்குச் சில நாட்களில் "நான்கைந்து பெரிய பங்குகள் ஏறின" என்று மட்டும்தான் அர்த்தம். இது ஏழாவது படியில் திரும்ப வரும்.

இன்னொரு சின்ன விஷயம். டிவியில் வரும் நிஃப்டியில், நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபமான டிவிடெண்ட் சேராது. டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோட்டல் ரிட்டர்ன் குறியீடு தனியாக இருக்கிறது. உங்கள் மியூச்சுவல் ஃபண்டை அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு சதவீதம், ஒன்றேகால் சதவீதம் வித்தியாசம் வரும். இருபது வருஷத்தில் அது சின்னத் தொகை இல்லை.

இரண்டாம் படி: ரெப்போவும் பத்து ஆண்டு யீல்டும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். என் 98 ஆயிரத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி. ஆண்டுக்குப் பொதுவாக ஆறு முறை கூடும் பணக் கொள்கைக் குழு அதை முடிவு செய்கிறது. 2020 மே மாதத்திலிருந்து 4%-ல் இருந்தது. 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டம் இல்லாத நேரத்தில் திடீரென்று 4.40% ஆக்கினார்கள். 2023 பிப்ரவரிக்குள் 6.50%. இரண்டு வருஷம் அசையவில்லை. 2025-ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நான்கு முறை குறைத்து 5.25%-க்குக் கொண்டுவந்தார்கள்.

ரெப்போவை ஒரு குழு முடிவு செய்கிறது. பத்து ஆண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டை யாரும் அறிவிப்பதில்லை. வாங்குபவரும் விற்பவரும் பேரம் பேசித் தீர்மானிக்கும் விலை அது. வங்கிகள், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள், பி.எஃப். நிதிகள் எல்லாம் சேர்ந்து, "பத்து வருஷத்துக்கு இந்த அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க எங்களுக்கு இத்தனை சதவீதம் வேண்டும்" என்று சொல்வதுதான் அது.

பத்திரத்தின் விலையும் யீல்டும் எதிரெதிர்த் திசையில் போகும் என்பதுதான் எல்லோருக்கும் இடிக்கிற இடம். ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு லட்சம் சீட்டை ஒருவர் எவ்வளவு அதிகமாகத் தள்ளி எடுக்கிறாரோ, அவ்வளவு அதிக வட்டி அவர் கொடுக்கிறார் என்று அர்த்தம். கையில் வருவது குறைந்தால் வட்டி கூடும். அரசின் 91 நாள் டிரெஷரி பில் அச்சு அசலாக இப்படித்தான். அதற்கு வட்டி என்று தனியாக ஒன்றும் இல்லை. இன்று 98 ரூபாய் 53 காசு கொடுத்தால் 91 நாள் கழித்து 100 ரூபாய். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 6%. அதே பில் 98 ரூபாய்க்குக் கிடைத்தால் யீல்டு கூடுதல்.

நீண்ட காலப் பத்திரத்தில் இந்த ஆட்டம் பெரிதாகும். ரூ.100 முகமதிப்பு, 7% கூப்பன் (முகமதிப்பின் மேல் ஆண்டுக்குத் தரும் நிலையான வட்டி), பத்து வருஷம் பாக்கி என்று ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சந்தையில் யீல்டு 7%-ஆக இருந்தால் விலை 100. யீல்டு 8%-க்கு ஏறினால், புதிதாக வருபவருக்கு 8% கிடைக்கும்போது உங்கள் 7% பத்திரத்தை 100-க்கு யார் வாங்குவார்? விலை 93 ரூபாய் 20 காசுக்கு இறங்கும். யீல்டு 6%-க்கு வந்தால் 107 ரூபாய் 44 காசு. அதே 7% பத்திரத்தில் ஒரு வருஷம்தான் பாக்கி என்றால், யீல்டு 8% ஆனாலும் விலை 99 ரூபாய்க்குக் கீழே போகாது. முப்பது வருஷம் பாக்கி என்றால் 88 ரூபாய் 69 காசு. காலம் நீள நீள ஊஞ்சல் பெரிதாக ஆடும்.

இப்போது என் கதைக்கு வருவோம். 2021 தொடக்கத்தில் பத்து ஆண்டு யீல்டு 6%-க்குச் சற்றுக் கீழே. 2022 ஜூனில் 7.5%-ஐத் தாண்டியது. ஒன்றரை வருஷத்தில் வந்த வட்டியை விலைச் சரிவு தின்றுவிட்டு, மேலே கொஞ்சம் அசலையும் தொட்டது. அரசாங்கம் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. அந்த அதிகாரி சொன்னது பொய்யும் இல்லை, பாதி உண்மை. பணம் திரும்ப வராது என்ற ரிஸ்க் இல்லை; வட்டி விகிதம் மாறும் ரிஸ்க் நிறைய இருந்தது. முதிர்வு வரை பத்திரத்தை நேரடியாக வைத்திருந்தால் நடுவில் விலை ஆடுவது உங்களைத் தொடாது. ஃபண்டில் தினமும் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, போட்டாக வேண்டும் என்பதால் கண்ணில் படும்.

ரெப்போ குறைந்தால் பத்து ஆண்டு யீல்டும் குறையும் என்று நினைத்தால் அதுவும் பாதி உண்மைதான். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை அரை சதவீதம் குறைத்தது. கால் சதவீதம்தான் பலரும் எதிர்பார்த்தது. கூடவே வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்க இருப்பையும் ஒரு சதவீதம் குறைத்தார்கள். செய்திகளில் வீட்டுக் கடன் இ.எம்.ஐ. குறையும் என்று கொண்டாட்டம். ஆனால் அதே அறிக்கையில் கொள்கை நிலைப்பாட்டை "நடுநிலை" என்று மாற்றியிருந்தார்கள். இனிமேல் குறைப்பு சுலபத்தில் வராது என்று பத்திரச் சந்தை அதைப் படித்தது. அப்போது 6.3% அருகே இருந்த பத்து ஆண்டு யீல்டு, ஆகஸ்ட் கடைசியில் 6.6% அருகே ஏறி நின்றது. தலைப்புச் செய்தியைப் பார்த்து நீண்ட கால கில்ட் ஃபண்டில் பாய்ந்தவர்கள் அந்த மூன்று மாதம் என்.ஏ.வி.யைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். 2022-ல் நான் குழம்பிய மாதிரியே.

ரெப்போ, 91 நாள் பில், பத்து ஆண்டு யீல்டு எல்லாம் ரிசர்வ் வங்கித் தளத்தின் முகப்பிலேயே கிடைக்கும். நோட்டில் முதல் மூன்று கட்டம் இவை.

மூன்றாம் படி: குறுகிய காலம், நீண்ட காலம், நடுவில் உள்ள இடைவெளி

பத்து ஆண்டு யீல்டிலிருந்து 364 நாள் பில்லின் யீல்டைக் கழியுங்கள். சாதாரணமாகப் பத்து ஆண்டு அதிகமாக இருக்கும். நீண்ட காலம் கடன் கொடுப்பவர் கூடுதலாகக் கேட்பது நியாயம்தானே. அந்த இடைவெளி ஒன்றரை சதவீதம் இருந்தால், காலத்தை நீட்டுவதற்குச் சந்தை கூலி கொடுக்கிறது. பூஜ்யம் பக்கம் வந்தால் கூலி இல்லை. 2023 மார்ச் வாக்கில் நம் நாட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 7.3% அருகே இருந்தன. ஒரு வருஷத்துக்கே அவ்வளவு கிடைக்கும்போது, வட்டி இறங்கும் என்று பந்தயம் கட்டுபவர்தான் பத்து வருஷத்துக்குப் போவார்.

அமெரிக்காவில் இந்த இடைவெளி தலைகீழானால் பொருளாதார மந்தம் வரும் என்று ஒரு பழைய விதி. 2022 ஜூலையிலிருந்து 2024 செப்டம்பர் வரை இரண்டு ஆண்டு யீல்டு பத்து ஆண்டு யீல்டுக்கு மேலேயே இருந்தது. இவ்வளவு நீளத் தலைகீழ் அபூர்வம். அந்தக் காலத்தில் மந்தம் வரவில்லை. அந்த விதியை நம்பி எல்லாப் பங்கையும் விற்றவர்கள் நல்ல ஏற்றத்தைத் தவறவிட்டார்கள்.

நான்காம் படி: அரசுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம்

நாளிதழில் "11% வட்டி, என்.சி.டி. வெளியீடு" என்று ஒரு நிறுவனம் தன் கடன் பத்திரத்துக்கு விளம்பரம் கொடுத்தால், பத்து ஆண்டு யீல்டைக் கழித்துப் பாருங்கள். அரசுப் பத்திரம் 6.5% என்றால் மீதி நாலரை சதவீதம் உங்களுக்கு யாரும் இனாமாகத் தரவில்லை. பணம் திரும்பி வராமல் போகலாம் என்பதற்கான கூலி அது. நிதி நிறுவனங்களில் டெபாசிட் போட்டு ஏமாந்த கதை நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது, விளக்கத் தேவையில்லை.

கடனைத் திருப்பித் தரும் திறனுக்குத் தரும் மதிப்பெண்ணான ரேட்டிங் இருக்கிறதே என்று கேட்கலாம். ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் 2018 ஆகஸ்டு தொடக்கம் வரை மிக உயர்ந்த ரேட்டிங்கான டிரிபிள் ஏ. அடுத்த மாதமே பணம் கட்டத் தவறி, கடைசி ரேட்டிங்கான டி-க்கு வந்தது. ரேட்டிங் மாறுவதற்கு முன்பே சந்தை கூடுதல் யீல்டு கேட்க ஆரம்பித்துவிடுவதும் உண்டு. அதனால் ரேட்டிங்கோடு யீல்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ரேட்டிங் உள்ள இரண்டு பத்திரங்களில் ஒன்று மட்டும் இரண்டு சதவீதம் கூடுதலாகத் தந்தால், அது அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பி.இ. விகிதம்

சரி, இப்போது பங்குக்கு வரலாம். நிஃப்டியின் பி.இ. 22 என்றால், அதிலுள்ள நிறுவனங்கள் ஆண்டுக்கு ஈட்டும் ஒவ்வொரு ரூபாய் லாபத்துக்கும் நாம் 22 ரூபாய் விலை கொடுக்கிறோம். நிஃப்டியை வெளியிடும் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ.யின் குறியீட்டுத் தளத்தில் தினமும் இலவசமாக வெளியிடுகிறார்கள்.

2008 ஜனவரியில், நிஃப்டி 6,300-ஐத் தாண்டி உச்சத்தில் இருந்தபோது பி.இ. 28 பக்கம். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் நிஃப்டி 2,252 வரை விழுந்தபோது 11-க்கும் கீழே. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் பி.இ. மாதிரி சுலபமான கருவி இல்லை என்று தோன்றும். 25-ஐத் தாண்டினால் விற்கலாம், 15-க்குக் கீழே வாங்கலாம் என்று சூத்திரம் எழுதி வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

அவர்களை 2021 பிப்ரவரி சோதித்தது. பி.இ. 40-ஐத் தாண்டியது. வரலாறு காணாத உச்சம், விற்று வெளியே வா என்று சூத்திரம் கத்தியது. அப்போது நிஃப்டி 15,000 அருகே. 2024 செப்டம்பரில் அது 26,000-ஐத் தாண்டியது. சூத்திரம் எங்கே தப்பியது? பி.இ. ஒரு பின்னம். மேலே விலை, கீழே கடந்த நான்கு காலாண்டு லாபம். கொரோனா ஊரடங்கில் லாபம் படுத்துவிட்டதால், விலை ஏறியதைவிட வேகமாகப் பின்னம் வீங்கியது. லாபம் திரும்பி வந்ததும் பி.இ. தானாகவே இறங்கிவிட்டது.

இன்னொரு கோளாறும் இருந்தது. அதுவரை என்.எஸ்.இ. நிறுவனங்களின் தனிக் கணக்கு லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. துணை நிறுவனங்களின் லாபம் சேரவில்லை. 2021 மார்ச் கடைசியில் ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாற்றினார்கள். 40 பக்கம் இருந்த பி.இ. ஒரே இரவில் 33 பக்கம் வந்தது. ஒரு பங்கின் விலைகூட மாறவில்லை! இன்றைக்கும் சிலர் 2008-லிருந்து ஒரே கோடாக பி.இ. வரைபடம் போட்டு, "இப்போது மலிவு" என்று பகிர்கிறார்கள். அது புளியையும் புளியங்கொட்டையையும் சேர்த்து எடை போட்ட பழைய கணக்கை, கொட்டை நீக்கிய புளியோடு ஒப்பிடுவது. 2022-க்குப் பிறகு ஒருங்கிணைந்த கணக்கில் நிஃப்டி பெரும்பாலும் 20-க்கும் 24-க்கும் நடுவேதான் உலவியிருக்கிறது. அந்த எல்லைக்குள் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தால் போதும்.

ஆறாம் படி: பங்கையும் பத்திரத்தையும் ஒரே தராசில் வையுங்கள்

100-ஐ பி.இ.யால் வகுங்கள். பி.இ. 22 என்றால் நாலரை சதவீதம். இதை லாப யீல்டு என்பார்கள். பக்கத்தில் பத்து ஆண்டு யீல்டை எழுதுங்கள், 6.5% என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் இரண்டு சதவீதம் முன்னால் நிற்கிறது. அப்படியானால் யாருக்குப் பங்கு வேண்டும் என்று தோன்றும். பத்திரத்தின் கூப்பன் பத்து வருஷமும் அதேதான். நிறுவனங்களின் லாபம் வளரும் என்ற எதிர்பார்ப்பில்தான் பங்கு வாங்குபவர் அந்த இரண்டு சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறார். நம் நாட்டில் பெரும்பாலான காலம் இந்த நிலைதான்.

நான் பார்ப்பது இடைவெளி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. 2008 அக்டோபர் கடைசியில் பி.இ. 11-க்குக் கீழே, அதாவது லாப யீல்டு 9%-க்கு மேல். பத்து ஆண்டுப் பத்திரம் 8%-க்குக் கீழே. பத்திரத்தைவிடப் பங்கு கூடுதலாகத் தந்த அபூர்வமான நேரம். அன்று வாங்கத் துணிந்தவர்கள் சிலர்தான். நானும் அந்தச் சிலரில் இல்லை. அந்தக் கணக்கைப் போடவே அப்போது எனக்குத் தெரியாது.

என் நோட்டில் நடுக்கட்டம் இதுதான். ஒரே ஒரு எண் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஏழாம் படி: எத்தனை பங்கு ஏறியது?

என்.எஸ்.இ. தினமும் ஏறிய பங்குகள் எத்தனை, இறங்கியவை எத்தனை என்று வெளியிடுகிறது. நிஃப்டி அரை சதவீதம் ஏறியிருக்க, இறங்கிய பங்குகள் ஏறியவற்றைப் போல் இரண்டு மடங்கு இருந்தால், ஏற்றம் ஒரு சிலர் தோளில் நிற்கிறது.

2018 இதற்கு நல்ல பாடம். அந்த ஆண்டு நிஃப்டி 3% அளவுக்கு ஏறித்தான் முடிந்தது. சிறிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு கால் பங்குக்கும் மேல் விழுந்தது. "சந்தை நன்றாகத்தானே இருக்கிறது, என் ஃபோலியோ மட்டும் ஏன் ரத்தக் களறி?" என்று நண்பர் ஒருவர் அந்த வருஷம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வைத்திருந்ததெல்லாம் ஸ்மால்கேப். அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ நிஃப்டி. உங்கள் கையில் என்ன இருக்கிறதோ, அதற்குரிய குறியீட்டைப் பாருங்கள்.

எட்டாம் படி: இந்தியா விக்ஸ்

நிஃப்டி ஆப்ஷன்களின் (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களின்) விலையிலிருந்து கணக்கிடப்படும் பயத்தின் அளவு. அடுத்த 30 நாளில் சந்தை எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் வியாபாரிகள் நினைக்கிறார்கள் என்பதை ஆண்டுச் சதவீதமாகச் சொல்லும். மாதக் கணக்குக்கு மாற்ற மூன்றரையால் வகுத்தால் போதும். விக்ஸ் 12 என்றால் மேலேயோ கீழேயோ மூன்றரை சதவீதம். 24 என்றால் ஏழு. எந்தப் பக்கம் என்று அது சொல்லாது.

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13% விழுந்தது. அந்த நாட்களில் விக்ஸ் 80-ஐத் தாண்டியது. அது நிஜமான பயம். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள்: முந்தின நாள் கருத்துக் கணிப்பை நம்பி 3% ஏறிய நிஃப்டி, அன்று 6% அளவுக்கு விழுந்தது; விக்ஸ் நடுப்பகலில் 30-ஐத் தொட்டது. ஜூன் 7-ல் நிஃப்டி ஜூன் 3-ன் இடத்துக்கே திரும்பிவிட்டது. அது நான்கு நாள் காய்ச்சல். வித்தியாசத்தை விக்ஸ் மட்டும் சொல்லாது. பத்திரச் சந்தையும் நடுங்குகிறதா என்று பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால்தான் கொஞ்சம் பிடிபடும்.

ஒன்பதாம் படி: அந்நியப் பணம், டாலர், அமெரிக்க யீல்டு

அந்நிய முதலீட்டாளர்கள் விற்றால் சந்தை விழும் என்பது பழைய பாடம். 2024 அக்டோபரில் அவர்கள் ரூ.1.14 லட்சம் கோடிக்கு விற்றார்கள். பழைய காலமாக இருந்தால் சந்தை பாதாளத்துக்குப் போயிருக்கும். நிஃப்டி அந்த மாதம் 6% சொச்சம்தான் இறங்கியது. உள்நாட்டு நிறுவனங்கள் ஏறக்குறைய ரூ.1.07 லட்சம் கோடிக்கு வாங்கின. அந்த மாதத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. முதல் முறையாக மாதம் ரூ.25,000 கோடியைத் தாண்டியது. அதனால் அந்நியர் விற்றது, உள்நாட்டவர் வாங்கியது என்ற இரண்டு வரியையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு நாள் கணக்கில் ஒன்றும் இல்லை. மாதக் கணக்கைப் பாருங்கள்.

அவர்கள் ஏன் போகிறார்கள், வருகிறார்கள் என்பதற்கு ஒரு பாதிக் காரணம் அமெரிக்கப் பத்து ஆண்டு யீல்டு. 2020 நடுவில் அங்கே 0.6% பக்கம், இங்கே 5.8% பக்கம்; இடைவெளி ஐந்துக்கு மேல். 2023 அக்டோபரில் அங்கே 5%-ஐத் தொட்டது, இங்கே 7.3% பக்கம், இடைவெளி இரண்டேகால். ரூபாய் ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதம் தேய்ந்தால் அந்த இரண்டேகாலும் காணாமல் போகும். ரூபாயை ஒரு கட்டத்தில் எழுதுவது இதனால்தான். கச்சா எண்ணெயும் எழுதலாம். நான் எழுதுவதில்லை, அது ரூபாயிலும் பணவீக்கத்திலும் எப்படியும் தெரிந்துவிடும்.

பத்தாம் படி: நோட்டு

வாரம் ஒரு முறை போதும். தினமும் பார்த்தால் கை அரிக்கும். மாதம் 12-ம் தேதி வாக்கில் சில்லறைப் பணவீக்கம் வரும். அதை நான்கு சதவீத இலக்கோடு ஒப்பிட்டு ஓரத்தில் குறியுங்கள். பக்கத்தில் உங்கள் சொந்தக் கணக்கு ஒன்றும் வேண்டும்: மொத்த முதலீட்டில் பங்கு எத்தனை சதவீதம், பத்திரமும் எஃப்.டி.யும் எத்தனை. என்னுடையது 60, 40. ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் மட்டும் சரி செய்வது என்று அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எண்களைப் பார்த்து வரும் வேகத்தைத் தடுக்க அந்த ஒரு வரிதான் கதவுக்குத் தாழ்ப்பாள்.

ஞாயிறு தவிர வேறு நாளில் எழுதிய பக்கம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் 7, திங்கள். அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பில் உலகச் சந்தைகளெல்லாம் சரிந்த நாள். நோட்டில் இருப்பது இது:

"நிஃப்டி 22,161. ஒரே நாளில் 3% சொச்சம் கீழே. விக்ஸ் 22-க்கு மேல். பி.இ. 20 பக்கம், லாப யீல்டு 5. பத்து ஆண்டு 6.5 பக்கம், அசையவில்லை. ரெப்போ 6.25, புதன்கிழமை முடிவு. பங்கு 57."

இதை எப்படிப் படித்தேன்? பங்குச் சந்தை அலறுகிறது. பத்திரச் சந்தை அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. நம் நாட்டில் கடன் கிடைக்காமல் யாரும் தவிக்கவில்லை, வட்டி ஏறவில்லை, சொல்லப்போனால் இறங்கப் போகிறது. பி.இ. அண்மைக்கால எல்லையின் கீழ் ஓரத்துக்கு வந்திருக்கிறது, அதற்கு வெளியே போகவில்லை. லாப யீல்டுக்கும் பத்திர யீல்டுக்கும் உள்ள இடைவெளி இப்போது ஒன்றரையில் நிற்கிறது, அவ்வளவுதான். 60 என்பது 57 ஆகியிருக்கிறது; அட்டையில் எழுதிய ஐந்தை இன்னும் தாண்டவில்லை. ஆக, செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

புதன்கிழமை ரெப்போ 6.00% ஆனது. 10-ம் தேதி போக வேண்டிய என் எஸ்.ஐ.பி., மகாவீர் ஜெயந்தி விடுமுறை என்பதால் 11-ம் தேதிதான் போனது. அன்றைக்குப் பார்த்து நிஃப்டி 2% பக்கம் ஏறியிருந்தது. மனைவியிடம் சொன்னேன், ஒரு நாள் லீவால் கொஞ்சம் யூனிட் குறைந்துவிட்டது என்று. "இதுக்கு நோட்டில் கட்டம் இருக்கா?" என்றாள்.